டெக்ஸ் ஜான்ஸ்டன் அடித்த ரோல்: சாகசமா, பொறுப்பின்மையா?

மேகவண்ணன்:
1955 ஆகஸ்ட் 7. சியாட்டில் வாஷிங்டன் ஏரியில் படகுப் பந்தயம், கரையெல்லாம் கூட்டம். போயிங் தலைவர் பில் ஆலன் விமானத் துறைப் பெரிய மனிதர்களை விருந்தாளிகளாகக் கூட்டி வந்திருக்கிறார். போயிங்கின் சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன் நான்கு ஜெட் எஞ்சின் பூட்டிய டேஷ் 80 விமானத்தைத் தாழ்வாகக் கொண்டுவந்து ஏரிக்கு மேலே முழு ரோல் அடித்தார், அதாவது பறந்தபடியே தலைகீழாகப் புரண்டு ஒரு முழுச் சுற்று. திரும்பி வந்து இன்னொன்று. பின்னால் போயிங் 707 பயணிகள் ஜெட்டாக வந்த விமானத்தின் முன்மாதிரி அதுதான்.

உள்ளே இருந்தவர் ஜன்னல் வழியாக எடுத்த படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். இறக்கைக்குக் கீழே தொங்க வேண்டிய எஞ்சின்கள் மேலே நிற்கின்றன. அடியில் தரை. மயிர்க்கூச்செறிகிறது.

இதைப் பொறுப்பின்மை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒழுங்காக அடித்த பேரல் ரோலில் (பீப்பாயின் உள்சுவரைச் சுற்றி வருவது போல் புரளும் ரோல்) விமானத்தின் மேல் விழும் விசை 1 ஜி அளவை, அதாவது தரையில் நாம் உணரும் புவியீர்ப்பின் அளவை, ஒட்டியேதான் இருக்கும். அமெரிக்க சாகச விமானி பாப் ஹூவர் ரோல் அடித்தபடியே டம்ளரில் தேநீர் ஊற்றிக் காட்டுவார், ஒரு சொட்டு சிந்தாது. ஜான்ஸ்டன் செய்தது கணக்குத் தெரிந்தவரின் வேலை.

தென்றல்:
கணக்குத் தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது போயிங் 1.6 கோடி டாலர் கொட்டிக் கட்டிய ஒரே முன்மாதிரி. தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. கீழே லட்சக்கணக்கான ஜனம். ஒன்றும் ஆகவில்லை என்பதால் செய்தது சரியாகிவிடுமா?

அதே வாஷிங்டன் மாநிலம், ஃபேர்சைல்டு விமானப்படைத் தளம், 1994 ஜூன் 24. பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி ஒருக்களித்துத் திருப்பினார் ஒரு விமானி. சாய்வு 90 டிகிரியைத் தாண்டியது, விழுந்து வெடித்தது. நான்கு பேரும் போய்விட்டார்கள். அந்த விமானி வருடக்கணக்காக அப்படித்தான் பறந்தார். மேலதிகாரிகளுக்குத் தெரியும், கூட இருந்தவர்களும் எச்சரித்தார்கள். 'கை தேர்ந்தவர்' என்று விட்டுவிட்டார்கள். நாம் கைதட்டும்போது இப்படிப்பட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் தட்டுகிறோம்.

மேகவண்ணன்:
தென்றல், அந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒருவர் விமானத்தின் எல்லைக்குள் நின்றார், மற்றவர் அதைத் தாண்டினார்.

சாகசப் பழக்கம் உயிர் காத்த கதையும் இருக்கிறது. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767 பயணிகள் விமானம். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கைப் போட்டதால், ஏறியது தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருள். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. கனடாவின் கிம்லியில் கைவிடப்பட்ட விமானத்தள ஓடுபாதையை நெருங்கும்போது உயரமும் வேகமும் அதிகம், சுற்றி வரவும் வழியில்லை. கேப்டன் பாப் பியர்சன் ரட்டரை (வாலில் உள்ள திசைப் பலகை) ஒரு பக்கமும் எய்லரானை (இறக்கையைச் சாய்க்கும் பலகை) மறுபக்கமும் திருப்பி, அவ்வளவு பெரிய ஜெட்டைப் பக்கவாட்டில் சறுக்க விட்டு இறக்கினார். எஞ்சினில்லாத கிளைடர் ஓட்டிப் பழகிய கை. 69 பேரும் பிழைத்தார்கள். பயணிகள் விமானத்தில் யாரும் பழகிப் பார்க்காத வித்தை அது!

தென்றல்:
பியர்சனை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் வேறு வழி இல்லாமல் செய்தார். ஜான்ஸ்டனுக்கு வழி இருந்தது. என் வாதம் அவ்வளவுதான்.

டர்பைன்தாசன்:
நான் எஞ்சின் பட்டறையில் 22 வருடம் வேலை பார்த்தவன். எஞ்சின் தீப்பிடிக்கும் வீடியோவுக்குக் கீழே 'செம' என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 20, டென்வர், யுனைடெட் 777. ஃபேன் பிளேடு (எஞ்சின் முன்னால் சுழலும் விசிறியின் இதழ்) உடைந்து, எஞ்சின் மூடி பிய்ந்து, வீடுகளுக்கு நடுவே விழுந்தது. ஜன்னலில் தெரிந்த தீயை உலகமே பார்த்தது. விமானம் திரும்பி வந்து இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. இப்போது 2010 நவம்பர் 4, குவாண்டாஸ் ஏ380. சிங்கப்பூரில் கிளம்பிய சில நிமிடங்களில் இரண்டாம் எஞ்சினின் டர்பைன் டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கனத்த வட்டு) வெடித்து இறக்கையைத் துளைத்தது. நூற்றுக்கணக்கான வயர்கள் அறுந்தன. இறங்கின பிறகும் முதலாம் எஞ்சினை அணைக்க முடியாமல் மணிக்கணக்காகத் தண்ணீரும் நுரையும் அடித்தார்கள். உள்ளே 469 பேர். காரணம், துளை மையம் தவறியதால் ஒரு பக்கம் மெலிந்துபோன சின்ன எண்ணெய்க் குழாய். அதில் விரிசல் விட்டுக் கசிந்த எண்ணெயில் தீ.

பார்க்கப் பயங்கரம் டென்வர். நிஜப் பயங்கரம் சிங்கப்பூர். பிளேடு உடைந்தால் எஞ்சினின் உறை தாங்க வேண்டும், அதைச் சோதித்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். டிஸ்க் வெடித்தால் எந்த உறையும் தாங்காது. அதனால் டிஸ்க் உடையவே கூடாது என்று வைத்துத்தான் மொத்த வேலையும் நடக்கிறது. பிளேடின் முன் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்போம். நகம் சிக்கினால் அந்த இடத்தைச் சரிபார்த்து முடிக்காமல் அந்த விமானம் கிளம்பாது. இதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மேகவண்ணன்:
அண்ணா, 'செம' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், இனி எழுதுவதில்லை. ஆனால் வியப்பை விடச் சொல்லாதீர்கள். 1989 பாரிஸ் விமானக் காட்சியில் சோவியத் விமானி புகச்சோவ் சு-27 போர் விமானத்தின் மூக்கை நாகம் படமெடுத்த மாதிரித் தூக்கி நிறுத்தினார். அதே காட்சியில் இன்னொரு சோவியத் விமானி குவோச்சுரின் மிக்-29 போர் விமானம் மெதுவாக, மூக்கு தூக்கி வரும்போது வலது எஞ்சினில் பறவை புகுந்தது. கடைசி நொடிகளில் வெளியே குதித்துப் பிழைத்தார். இரண்டையும் பார்த்த பிறகுதான் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்றே படிக்க ஆரம்பித்தேன்.

தென்றல்:
அதற்கு முந்தைய வருடம் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் என்ன நடந்தது? சாகசக் குழு விமானங்கள் மோதி, ஒன்று நேராகக் கூட்டத்துக்குள் விழுந்தது. 70 பேர் செத்தார்கள். பாரிஸில் கீழே யாரும் சாகவில்லை. வியப்பு இருக்கட்டும். விமானம் ஜனத்தை நோக்கி வரக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாசன் அண்ணா, ஒரு கேள்வி. டிஸ்க் உடையவே கூடாது என்கிறீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியுமா?

டர்பைன்தாசன்:
வெறும் கண்ணுக்குத் தெரியாதம்மா. யுனைடெட் 232, 1989 ஜூலை 19, மூன்று எஞ்சின் உள்ள டிசி-10 பயணிகள் விமானம். டைட்டானியம் உருக்கும்போதே உள்ளே தங்கிய ஒரு குறையிலிருந்து வளர்ந்த விரிசல் ஃபேன் டிஸ்க்கை உடைத்து, விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பையும் வெட்டிவிட்டது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவும் மிச்ச இரண்டு எஞ்சினைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை அமெரிக்காவின் சூ சிட்டி நகர் வரை ஓட்டினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். டிஸ்க் மூன்று மாதம் கழித்து, அறுவடையின்போது மக்காச்சோளக் காட்டில் கிடைத்தது. முந்தைய பரிசோதனையிலேயே அந்த விரிசல் பிடிபட்டிருக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இதுதான். டிஸ்க்கைச் சுத்தம் செய்து, ஒளிரும் திரவத்தைப் பூசி, ஊறவிட்டுக் கழுவி, விரிசலுக்குள் தங்கிய திரவத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் பொடி தூவுவோம். அப்புறம் இருட்டு அறை. கண் இருட்டுக்குப் பழகும் வரை சும்மா நிற்க வேண்டும், அவசரப்படக் கூடாது. புற ஊதா விளக்கைப் பிடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் பச்சையாக, தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்த டிஸ்க்கின் ஆயுள் அன்றோடு சரி.