மாத்திரையை நினைவுபடுத்த தானாகவே போகும் போன் கால், பலன் உண்டா?

கேள்வி:
வணக்கம். நான் ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸ். பிரஷர், சுகர் நோயாளிகள் முதல் மாதம் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள், அப்புறம் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்றதும் தாங்களே நிறுத்திவிட்டு, பிரஷர் எகிறிய பிறகுதான் மறுபடி வருகிறார்கள். தினமும் காலையில் பதிவு செய்த குரலில் "மாத்திரை போட்டாச்சா? போட்டிருந்தால் 1, இல்லையென்றால் 2 அழுத்துங்கள்" என்று கால் போகிற மாதிரி வைக்கலாம் என்கிறார் டாக்டர். பலருக்குப் படிக்க வராது, கையில் பட்டன் போன்தான், அதனால் எஸ்எம்எஸ்ஸை விடக் குரல் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எடுப்பார்களா? மருந்து போடுவது நிஜமாகவே கூடுமா?

பதில் 1:
எடுக்க வைப்பதுதான் முதல் வேலை. தெரியாத நம்பர் என்றால் விளம்பரம் என்று கட் செய்துவிடுவார்கள். பெயர் பதியும்போதே அவர்கள் போனில் உங்கள் நம்பரை சேவ் செய்து, ஒரு முறை கால் போட்டுக் காட்டுங்கள். குரல் தெரிந்த குரலாக இருக்கட்டும், முடிந்தால் உங்கள் குரலே. எந்த நேரம் வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தினமும் வேண்டாம், சீக்கிரம் சலித்துவிடும்.

பதில் 2:
மறதிக்குத்தான் கால் மருந்து. நிறுத்துபவர்களில் பாதிப் பேராவது மறந்து நிறுத்துவதில்லை என்பது என் எண்ணம். வயிற்றைப் புரட்டுகிறது, காசு இல்லை, "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை" என்று காரணங்கள் வேறு.

எச்ஐவி மருந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். கென்யாவில் வாரம் ஒரு எஸ்எம்எஸ், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டது. நோயாளி 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்று சொன்னாலும் பதிலே வராவிட்டாலும் கிளினிக்கிலிருந்து ஆள் போனில் பேசினார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களும் கூடினார்கள், ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்களும் கூடினார்கள் (லான்செட் மருத்துவ இதழ், 2010). தென்னிந்தியாவில் 631 பேரிடம், வாரம் ஒரு தானியங்கி கால், ஒரு படச் செய்தி என்று இரண்டு வருடம் பார்த்தார்கள். கால் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் சிகிச்சை தோற்பதில் வித்தியாசமே இல்லை (பிஎம்ஜே மருத்துவ இதழ், 2014). ஊர் வேறு, முறை வேறு, அதனால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் நான் எடுத்துக்கொண்டது இதுதான்: 2 அழுத்தினால் யார் பேசப் போகிறார்கள் என்று முடிவு செய்யாமல் இதைத் தொடங்காதீர்கள்.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஆபத்தையும் யோசியுங்கள். டாக்டர் நிறுத்திய மாத்திரைக்கும் கால் போய்க்கொண்டே இருந்தால்? சாப்பிடாதவரிடம் இன்சுலின் போடச் சொன்னால் சுகர் இறங்கி மயங்கி விழுவார். அதனால் மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள், டோஸ் பற்றியும் பேசாதீர்கள், விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம் என்று நேரில் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, ஒரே போனை வீடே பயன்படுத்தும். காசநோய், எச்ஐவி, மனநல மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கால் ரகசியத்தை உடைத்துவிடக் கூடாது. நோயின் பெயர், கிளினிக்கின் பெயர் இரண்டும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. 2 அழுத்தியவர்களிடம் மதியம் நானே பேச டாக்டரிடம் நேரம் கேட்கிறேன். ஆனால் போடாமலே 1 அழுத்தினால் என்ன செய்வது?

பதில் 2:
அழுத்துவார்கள், அதைத் தடுக்க முடியாது. காசநோய்க்கு 99டாட்ஸ் என்று ஒரு முறை உண்டு. மாத்திரையைப் பிரித்தால்தான் அட்டைக்குள் மறைந்திருக்கும் நம்பர் தெரியும், அந்த இலவச நம்பருக்கு நோயாளியே கால் செய்ய வேண்டும். அதிலும் பிரித்தது தெரியுமே தவிர விழுங்கியது தெரியாது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அடுத்த மாத்திரை வாங்க எந்தத் தேதியில் வந்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள், பத்து நாள் தாமதமாக வந்தவர் தினமும் 1 அழுத்தியிருந்தால் திட்டாமல், மாத்திரை எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேளுங்கள்.