தினமும் இடுப்பில் வைக்க எந்த பிஸ்டல்? (ஹூஸ்டன்)

கேட்டி_செந்தில்:
வணக்கம். கேட்டி பக்கம் கேஸ் ஸ்டேஷன் வெச்சிருக்கேன். ராத்திரி கடையை அடைச்சுட்டுக் கல்லாப் பணத்தோட தனியாத்தான் கிளம்பணும். கிரீன் கார்டு வந்தாச்சு, வயசு 38. துப்பாக்கிக் கடையில ஒருத்தர் கிளாக் 19 எடுங்கறார், இன்னொருத்தர் சிக் பி365 எடுங்கறார். நான் ஒல்லி. இந்த வெயில்ல மேல ஒரு டி-ஷர்ட்தான். முன்பக்கம் அடிவயித்துக்கிட்ட (அப்பெண்டிக்ஸ் கேரிங்கறாங்களே) வைக்க பயமா இருக்கு, வேற எங்க வைக்கறது? வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. மச்சினன் எஃப்-1 விசால வந்து எங்களோட தங்கிப் படிக்கிறான். 2021லேர்ந்து டெக்சாஸ்ல லைசென்ஸே வேண்டாமாமே, அப்போ எல்டிசி (துப்பாக்கி கையில வெச்சுக்கற மாநில லைசென்ஸ்) எதுக்கு?

டாலஸ்_ரவி:
பி365 எடுங்க. மேகஸின்ல 10 குண்டு, சுடத் தயாரா சேம்பர்ல 1. கிளாக் 19 அருமையான துப்பாக்கி, ஆனா ஒல்லியான உடம்புல டி-ஷர்ட்டுக்கு மேல துருத்திக்கிட்டுத் தெரியும். இடுப்பு ஒத்துவரலன்னா தோள்பையில போட்டுக்கலாம்.

பியர்லாந்து_மாலதி:
தம்பி, நான் துப்பாக்கி சுடற ரேஞ்சில புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவ. ரவி சொன்னதுல அந்தப் பையை மட்டும் ஒத்துக்க மாட்டேன். 2014 டிசம்பர்ல ஐடஹோவில ஹெய்டன்ங்கற ஊர் வால்மார்ட்டில, ரெண்டு வயசுக் குழந்தை அம்மாவோட கைப்பையிலேர்ந்து எடுத்து அம்மாவையே சுட்டுடுச்சு. துப்பாக்கி வைக்கன்னே தனி ஜிப் அறையோட தைச்ச பை அது. ரெண்டு பிள்ளைகள் இருக்கற வீடு உங்களோடது. உடம்புல இருக்கணும், இல்லன்னா பூட்டுக்குள்ள இருக்கணும். இதுக்கு நடுவில ஒரு இடம் கிடையாது.

இப்போ துப்பாக்கி. சட்டைக்கு வெளியே காட்டிக்குடுக்கறது குழலோட நீளம் இல்ல, கைப்பிடியோட உயரமும் தடிமனும்தான். அதனால உங்க உடம்புக்கு பி365 சரி, ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ்ஸும் சரி. ரெண்டும் 9 எம்எம். ஷீல்டு பிளஸ்ல கட்டைவிரல் சேஃப்டி வெச்ச மாடலும் உண்டு, பயப்படறவங்களுக்கு அது ஒரு தைரியம். இன்னும் சின்னதா இருக்கேன்னு ரூகர் எல்சிபி பக்கம் போயிடாதீங்க. மறைக்கறது எவ்வளவு சுலபமோ, சுடறது அவ்வளவு கஷ்டம். கை உதறும், ரெண்டாவது குண்டு எங்க போகும்னே தெரியாது. ரேஞ்சில வாடகைக்குக் கிடைக்கும், சுட்டுப் பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.

அப்பெண்டிக்ஸ் பயம் நியாயமான பயம். வலது இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால ஆரம்பிங்க. ஆனா ஒண்ணு, நீங்க கூலர்ல பாட்டில் அடுக்கக் குனியறவர். குனிஞ்சா முதுகுப்பக்கம் சட்டை இழுத்துக்கிட்டுக் கைப்பிடி அப்படியே தெரியும். முழங்காலை மடிச்சு உட்காரப் பழகணும், இல்ல கொஞ்ச நாள் போனதும் முன்பக்கம் மாறணும்.

எங்க வெச்சாலும் ட்ரிகரை முழுசா மூடற கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, வளையாத கெட்டி பெல்ட். துணி ஹோல்ஸ்டர் வேண்டவே வேண்டாம். விபத்து பெரும்பாலும் உருவும்போது இல்ல, திரும்பச் செருகும்போதுதான்: டி-ஷர்ட் நுனி ட்ரிகர்ல மாட்டும். ஹோல்ஸ்டரைக் கழட்டி, கண்ணால பார்த்துத் துப்பாக்கியைச் செருகி, ரெண்டையும் சேர்த்து இடுப்பில மாட்டுங்க. முதல் சில வாரம் குண்டு போடாம வீட்டுக்குள்ளேயே கட்டிக்கிட்டு நடங்க. உட்காரும்போது எங்க குத்துது, கை எங்கெல்லாம் தானா போய்த் தொடுதுன்னு அப்போ தெரிஞ்சிடும்.

மச்சினன் விஷயத்தை லேசா விட்டுடாதீங்க. எஃப்-1, எச்-1பி மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்க ஃபெடரல் சட்டம் தடை போடுது. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்குதான். ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் "ஒரு தடவை சுட்டுப் பாரு"ன்னு கையில குடுக்காதீங்க, அந்தப் பிள்ளையோட விசா, படிப்பு ரெண்டுமே போகும். சேஃப் நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

எல்டிசி கட்டாயம் எடுங்க. நாலு மணி நேரத்திலேர்ந்து ஆறு மணி நேரம் வகுப்பு. அப்புறம் 3, 7, 15 கஜத்தில 50 குண்டு, 250க்கு 175 வந்தா பாஸ். ஸ்கூலைச் சுத்தி 1,000 அடிக்கு ஃபெடரல் தடை இருக்கு, மாநில லைசென்ஸ் கையில இருந்தா அதுலேர்ந்து விலக்கு. கேட்டில அந்த 1,000 அடியைத் தொடாம எந்தத் தெருவில ஓட்டுவீங்க?

இன்னொண்ணு, கல்லாப் பணத்துக்காக துப்பாக்கியை உருவாதீங்க. பணம் கேட்டா குடுத்துடுங்க. துப்பாக்கி உங்க உயிருக்கு மட்டும்.

கேட்டி_செந்தில்:
ரொம்ப நன்றி அக்கா. மச்சினன் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. சாயங்காலம் பசங்களை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு நேரா கடைக்குத்தான் வருவேன். அப்போ என்ன பண்றது?

பியர்லாந்து_மாலதி:
ஸ்கூல் கட்டடத்துக்குள்ள எல்டிசி இருந்தாலும் கொண்டு போகக் கூடாது. கேபிள் பூட்டு வெச்ச சின்ன இரும்புப் பெட்டி வாங்கி டிரைவர் சீட்டோட காலில கட்டிடுங்க. ஹோல்ஸ்டரோடவே உள்ள போகற அளவு பார்த்து வாங்குங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே உள்ள வெச்சுப் பூட்டிடுங்க, ஸ்கூல் வாசல்ல வந்து கழட்டக் கூடாது. கிளவ் பாக்ஸ் வேண்டாம், கார் கண்ணாடியை உடைக்கறவன் முதல்ல திறக்கறது அதைத்தான்.