வெள்ளை இதழில் நிழல் அழுக்காகத் தெரிகிறது, ஏன்?

கேள்வி: நீர்வண்ணத்தில் நந்தியாவட்டை வரைகிறேன், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள். கறுப்பை நீர்க்கக் கலந்து நிழல் போட்டால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. வெயில் படும் பூவாகத் தெரிய என்ன செய்யலாம்?

பதில் 1: கறுப்பு வேண்டாங்க. வெயில் படாத இதழில் வானத்தின் வெளிச்சம் விழுவதால் நிழலில் நீலம் ஓடும். கோபால்ட் நீலத்தில் துளி குயினாக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜா நிற வண்ணம் சேருங்க. காய்ந்தால் வெளிறும், அதனால் ஒரு படி அடர்த்தியாகவே போடுங்க. வெயில் விழும் இடம் வெறும் தாள்தான், அங்கே தூரிகையே போகக் கூடாது.

பதில் 2: இதழ்மேல் இதழ் ஏறும் இடத்தில் நிழலின் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். மறு விளிம்பை ஈரத் தூரிகையால் கரைச்சு விடுங்க. தூரிகையைத் துணியில் ஒற்றிக்கணும். தண்ணீர் அதிகமானால் பாதி காய்ந்த வண்ணத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை படரும்.

பதில் 3: பின்னணியையும் பாருங்க. சாப் கிரீன் பச்சையும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த கரும்பச்சை இலை பக்கத்தில் வந்தால்தான் தாளின் வெள்ளை ஒளிரும்.