பொருள்: திருச்சபைச் சங்கங்களின் ஆண்டை நிறுவுதல் – காலக்கணிப்பா, காலத்துணிபா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம். திருச்சபை வரலாற்றுப் பாடநூல் ஒன்றின் மொழிபெயர்ப்பை இவ்வார இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். தொடக்க காலப் பொதுச்சங்கங்கள், அதாவது ஆயர்களின் பேரவைகள், எப்போது கூடின என்று சான்று கொண்டு நிறுவுவதைக் ‘காலக்கணிப்பு’ என்று எழுதினேன், மேலாய்வாளர் ஏற்கவில்லை. நிசேயா நகரில் கூடிய சங்கத்துக்கு அச்சொல் பொருந்தத்தானே செய்கிறது? பவுலீனுசும் யூலியானுசும் கான்சல்களாக (எவர் பெயரால் ஆண்டு குறிக்கப்பட்டதோ அந்த உரோமை உயர் அலுவலர்களாக) இருந்தபோது, கி.மு. 312இல் தொடங்கும் ‘அலெக்சாந்தர் ஆண்டு’க் கணக்கில் 636ஆம் ஆண்டில் அது கூடியதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் குறிக்கிறார், கணக்கிட்டால் கி.பி. 325 கிடைக்கிறது.

வரலாற்றுப் பேராசிரியர் மறுமொழி:

ஐயா, மேலாய்வாளர் பக்கமே நியாயம் இருக்கிறது. அதே சோக்ரடீஸ், சார்திக்கா சங்கத்தை ரூஃபீனுஸ், எவுசேபியுஸ் என்னும் கான்சல்களின் ஆண்டில் வைக்கிறார். கணித்தால் 347 வரும், கணக்கில் பிழையும் இராது. ஆனால் அச்சங்கத்திற்குப் பிறகே அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பிய அந்நகர் ஆயர் அத்தனாசியுஸ் 346 அக்டோபரிலேயே அங்கு வந்துவிட்டார். அவர் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி எழுதிய பாஸ்கா மடல்களுக்கான பழைய அட்டவணை சிரியாக் மொழியில் கிடைத்தபின் 343 என்பது வலுப்பெற்றது. 342 என்பாரும் உளர். ஒரு சான்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளும் இச்செயலைக் கணிப்பு என்பது எவ்வாறு தகும்? ‘காலத்துணிபு’ என்க. ஆராய்ந்து கண்ட முடிவைத் துணிபு என்பது நம் உரையாசிரியர் மரபு.

தனித்தமிழ் அன்பர்:

துணிபு நன்று, ‘காலம்’ எதற்கு? அதை வடசொல் என்பார் பலர். ‘கால்’ என்னும் வேரினின்று, ஓடுவது என்னும் பொருளில் பிறந்த தமிழ்ச்சொல்லே அது என்று நானும் பக்கம் பக்கமாக எழுதியவன்தான். ஆயினும் ஐயத்திற்கு இடமின்றி ‘ஆண்டுத்துணிபு’ எனலாமே.

பேராசிரியர்:

வேர் ஆராய்ச்சியைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஆண்டு மட்டுமா சிக்கல்? நிசேயா தொடங்கிய நாளைச் சோக்ரடீஸ் மே 20 என்கிறார். பின்னர் கூடிய கல்செதோன் சங்கத்தின் ஏடுகளோ ஜூன் 19 என்கின்றன. நாளைத் துணிவதற்கு வேறொரு சொல் ஆக்குவதா?

ஆசிரியை ஒருவர்:

துணிபு என்றால் என் மாணவர்கள் துணிச்சலைத்தான் நினைப்பார்கள். ‘காலநிர்ணயம்’ என்றால் உடனே விளங்குகிறது. மேலும், எல்லாவற்றுக்கும் துணிபு கிட்டிவிடுவதில்லை. ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கத்தின் 81 விதிகள் வந்திருக்கின்றன. கூடிய ஆண்டுதான் அவற்றில் இல்லை. அங்கே இதற்கு முன் இராது, இதற்குப் பின் இராது என மேல் எல்லை, கீழ் எல்லை என்று, நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நூல்களின் காலத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு எல்லைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பொதுச்சொல்லுக்குக் ‘காலவரையறை’ என்று இட்டு அனுப்புகிறேன். நான்கு பேர் தனிமடலில் அதையே சொன்னார்கள், எனக்கும் நேரமில்லை.

பேராசிரியர்:

காலவரையறை என்பது கெடுவைக் குறிக்கும், ஐயா. வரி கட்டுவதற்கும் காலவரையறை உண்டு. பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், ஆயினும் சார்திக்கா பற்றிய இயலிலாவது அடிக்குறிப்பில் ‘காலத்துணிபு’ என்று ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.