ஆசிட் டேங்கர் வளைவில் ஆட்டம் போடுது, மெக்கானிக்குக்கும் பிடிபடலை: உதவி தேவை

பெருந்துறை லாரி:
வணக்கம். தூத்துக்குடியில இருந்து பெருந்துறைக்கு 98% சல்ப்யூரிக் ஆசிட் ஓட்ட பத்து வீல் டேங்கர் ஒண்ணு வாங்கினேன். 18 கிலோ லிட்டர் டேங்க், முன்னாடி பாமாயில் ஓடின வண்டி. லோடு 16 டன், பாஸிங்குக்குள்ளதான் (வண்டிக்கு அனுமதிச்ச எடை). ரெண்டு ட்ரிப் போச்சு. "ரவுண்டானாவுல திருப்பினா பின்னாடி யாரோ இழுக்கிறாங்க, பிரேக் போட்டு நின்ன பிறகும் முன்னாடி தள்ளுது"ன்னு டிரைவர் அண்ணன் புலம்புறார். பட்டை செட் (லீஃப் ஸ்பிரிங்) மாத்தியாச்சு, டயர் புதுசு. வேற எங்க பார்க்கணும்?

ஹைவே ராஜா:
டிரைவரை மாத்திப் பாருங்க.

பழைய பிளான்ட்காரன்:
அவரை மாத்தாதீங்க, அவர் சொல்றதுதான் சரி. கணக்குப் போடுங்க. ஆசிட்டோட அடர்த்தி 1.84, அதாவது லிட்டருக்கு 1.84 கிலோ, அப்போ 16 டன்னுக்கு 8.7 கிலோ லிட்டர்தான் வரும். டேங்க் பாதிகூட நிரம்பலை. பாமாயில் 0.92, அதே 16 டன்னுக்கு 17.4 வந்திருக்கும், அசைய இடமே இருந்திருக்காது. நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க? வளைவில அவ்வளவு ஆசிட்டும் ஒரு பக்கமா ஒதுங்கினா, மெதுவாப் போனாலும் வண்டி சாயும்.

பெருந்துறை லாரி:
அட, எடையை மட்டுமே பார்த்தேன் சார்! தளும்பாம இருக்க உள்ளே தடுப்புத் தகடு வச்சு வெல்டிங் பண்ணிட்டா?

பழைய பிளான்ட்காரன்:
அந்த டேங்க்ல வெல்டிங் மெஷினே வேண்டாம். 98% ஆசிட் இரும்பை அவ்வளவா அரிக்காது. கழுவுற தண்ணி பட்டு நீர்த்துப்போனா அரிச்சு ஹைட்ரஜன் கிளம்பும். ஒரு பொறி போதும். மேன்ஹோல் பக்கத்துல பீடிகூடக் கூடாது. பாமாயில் மிச்சம் இருந்தா ஆசிட் அதைக் கருக்கிச் சூடேத்தும். ரெண்டு ட்ரிப் தப்பிச்சது உங்க நேரம். ஆசிட்டுக்குன்னே செஞ்ச 9.2 கிலோ லிட்டர் டேங்க் பாருங்க, 95 சதம் நிரம்பும், விரிய இடமும் இருக்கும். கேஸ்கெட் டெஃப்லானா இருக்கட்டும், சாதா ரப்பர் தாங்காது.

கோவை ஓட்டுநர்:
ரூட்டும் முக்கியம் தம்பி. மதுரை, திண்டுக்கல், கரூர் மூணுக்கும் பைபாஸ்லயே போகச் சொல்லுங்க. 2025 ஜனவரி 3-ல கோவை அவினாசி ரோடு மேம்பாலத்துல 18 டன் கேஸ் டேங்கர் கவிழ்ந்தப்போ பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் லீவு விட்டாங்க. டிரைவருக்கு அபாயச் சரக்கு ஓட்டுறதுக்கான மூணு நாள் பயிற்சி முடிச்சு லைசென்ஸ்ல பதிவு இருக்கா? டிரெம் கார்டு (விபத்து நடந்தா என்ன செய்யணும்னு சொல்ற அட்டை) கேபின்ல, அவருக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியில இருக்கணும்.

பெருந்துறை லாரி:
பயிற்சி இருக்கு, கார்டு தமிழ்ல வாங்கிட்டேன். பழைய டேங்க்கை நிறுத்தியாச்சு, புதுசுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ரெண்டு பக்கமும் பின்னாடியும் அபாய போர்டு எழுதறப்போ பெயின்டர் சல்ப்யூரிக் ஆசிட்டோட ஐ.நா. அடையாள நம்பர் 1830-ஐ 1380-ன்னு எழுதிட்டார். சின்னத் தப்புதானே, அடுத்த வாரம் திருத்திக்கலாமா?

பழைய பிளான்ட்காரன்:
இன்னைக்கே அழிங்க. 1380 பென்டாபோரேன், காத்து பட்டாலே தானாப் பத்திக்கிற சாமான். ஃபயர் சர்வீஸ்காரங்க தூரத்துல இருந்து அந்த நம்பரைப் பார்த்துத்தான் கிட்ட வரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க.