டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் விவரமாக எழுதினாலும் ஒற்றை வரியில்தான் பதில் வருகிறது

அல்லி:
அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை அம்லோடிபினுக்கு மாற்றியதிலிருந்து சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. டாக்டரே தன் எண்ணைக் கொடுத்திருப்பதால் எல்லாவற்றையும் எழுதி, படமும் அனுப்பினேன். "தொடருங்கள், பார்க்கலாம்" என்று மட்டும் பதில். நேரில் அம்மாவிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர். நீல டிக் விழுந்திருக்கிறது, ஆனால் முழுவதும் படித்தாரா? மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று தயக்கம். கேட்காமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

பொது மருத்துவர்:
தாராளமாகக் கேளுங்கள். அம்லோடிபினால் கால் வீங்குவது பலருக்கும் வருவதுதான், அதனால் அவர் பதறாமல் இருந்திருக்கலாம். ஆனால் படத்தை வைத்து எங்களால் தொட்டுப் பார்க்க முடியாதே. கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுகிறதா? இரண்டு காலிலுமா? படுத்தால் மூச்சு வாங்குகிறதா? இவற்றை எழுதுங்கள். மூச்சு வாங்கினாலோ, ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ, செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் நிலைமையையும் சொல்கிறேன். ஒருவர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள்தான் போனைப் பார்ப்போம். பழைய சீட்டு கையில் இருக்காது. பெயர், வயது, மாத்திரை, அதன் அளவு எல்லாம் முதல் வரியிலேயே இருந்தால் பெரிய உதவி. குரல் பதிவு வேண்டாம், எதிரே நோயாளி இருக்கும்போது கேட்க முடியாது.

நெடுநாள் பிபி:
அழுத்த அளவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை எடுக்க வேண்டும். அப்புறம், கிளினிக்கில் 140/90 என்றால் வீட்டில் எடுப்பதற்கு 135/85தான் வரம்பு. எங்கே எடுத்தது என்று எழுதாவிட்டால் டாக்டருக்கு அது வெறும் எண்.

அல்லி:
இரண்டு காலிலும் குழி விழுகிறது, மூச்சு வாங்கவில்லை. அதை நாலே வரியில் அனுப்பினேன், அவரே போன் செய்துவிட்டார்! "செருப்பு இறுக்குகிறதா?" என்று அம்மாவிடமே கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. மாத்திரை அளவைக் குறைத்து, ஒரு வாரத்து அளவுகளைக் கேட்டிருக்கிறார். கருவியின் திரையைப் படமெடுத்து அனுப்பலாமா?

நெடுநாள் பிபி:
எழுதியே அனுப்புங்கள், தேதியும் நேரமும் போட்டு. திரையில் வெளிச்சம் பட்டால் 3 எது, 8 எது என்றே தெரியாது.