நித்தியகல்யாணியை 'விங்கா' என்று விற்பது சரியா?

மாடித்தோட்டக்காரி:
நேற்று நர்சரியில் ஆறு நித்தியகல்யாணி நாற்று வாங்கினேன். தொட்டியில் செருகிய குச்சியில் 'விங்கா' என்று எழுதியிருக்கிறது. தாவரவியல் படிக்கிற தம்பி, "அக்கா, இது விங்காவே இல்லை, கதராந்தஸ்" என்கிறான். எது சரி?

இலைச்சருகு:
தம்பி சொல்வதுதான். 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை விங்கா ரோசியா என்றார். ஆனால் விங்கா என்பது ஐரோப்பாப் பக்கம் தரையில் படர்கிற, பெரும்பாலும் நீலப்பூ பூக்கிற கூட்டம். நம்முடையது மடகாஸ்கரிலிருந்து வந்து உலகமெல்லாம் பரவியது. ஜார்ஜ் டான் 1837இல் இதைப் பிரித்து கதராந்தஸ் ரோசியஸ் ஆக்கினார்.

நாற்றுக்காரன்:
சார், விதை பாக்கெட்டிலேயே விங்கா என்றுதான் வருகிறது. கதராந்தஸ் என்று எழுதி வைத்தால் ஏதோ புது நோய் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். புற்றுநோய்க்கு இதிலிருந்து எடுக்கிற மருந்துகளும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் தானே? அதையும் மாற்றுவீர்களா?

இலைச்சருகு:
மருந்துக்குப் பெயர் வைத்த காலத்தில் ஆய்வகங்களில் விங்கா ரோசியா என்றே புழங்கியது, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மருந்தின் பெயர் செடியின் உறவுமுறையைச் சொல்லாது.

நாற்றுக்காரன்:
அப்பாவின் பழைய புத்தகத்தில் லோக்னேரா ரோசியா என்று இருக்கிறது. நீங்களே மூன்று பெயர் வைத்தாயிற்று, நான்காவதும் வரும். நான் எத்தனை தடவை குச்சி எழுதுவது?

இலைச்சருகு:
இது நியாயமான எரிச்சல்தான். ஆனால் லோக்னேரா தோற்றது விதிப்படி. ரைஹன்பாக் 1828இல் விளக்கம் எதுவும் எழுதாமல் பெயரை மட்டும் போட்டார், அது செல்லாது. எண்ட்லிஷர் 1838இல் விளக்கம் எழுதுவதற்குள் டான் முந்திக்கொண்டார்.

பேரினத்தை, அதாவது உறவுச் செடிகளின் கூட்டத்தை, பிரித்தது சும்மா இல்லை. கதராந்தஸ் ரோசியஸுக்குக் குரோமோசோம் 16, ஐரோப்பாவின் சின்ன விங்காவுக்கு (விங்கா மைனர்) 46. கணக்கு வேண்டாம் என்றால் பூவைப் பாருங்கள். விங்காவில் இலைக்கக்கத்துக்கு ஒரு பூ, இதில் பெரும்பாலும் இரண்டு. குழலைக் கிழித்தால் வாய்க்குச் சற்றுக் கீழே மகரந்தப்பைகள் ஒளிந்திருக்கும். அவற்றின் காம்பு குட்டையாக, நேராக இருக்கும். விங்காவில் அது முழங்கால் மாதிரி மடங்கியிருக்கும்.

யாழ்ப்பனை:
எங்கட பக்கம் பட்டிப்பூ என்பம். உங்கள் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிறார்களாம். மல்லிக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை, இது அரளிக் குடும்பம். லத்தீனில் மட்டும்தான் பிழை என்று நினைக்க வேண்டாம்.

நாற்றுக்காரன்:
அப்படிக் கேளுங்கள்! அப்புறம், வயல் வரப்பில் வெள்ளையாகப் பூக்கும் மிளகாய்ப்பூண்டும் கதராந்தஸ்தான் என்கிறார்களே? அது மடகாஸ்கரிலிருந்தா வந்தது?

இலைச்சருகு:
இல்லை.  அந்தப் பேரினத்தின் மற்ற வகைகள் மடகாஸ்கரில், மிளகாய்ப்பூண்டு மட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும். நான் பெயரைத்தான் திருத்தச் சொன்னேன், மிளகாய்ப்பூண்டை நாடு கடத்தச் சொல்லவில்லை.

மாடித்தோட்டக்காரி:
ஒரு பூவைக் கிழித்துப் பார்த்தேன். காம்பு நேராகத்தான் இருக்கிறது. பூக்களும் ஜோடி ஜோடியாக வந்திருக்கின்றன. குச்சியைத் திருப்பி 'நித்தியகல்யாணி' என்று எழுதிவிட்டேன். தம்பி கீழே பென்சிலால் கதராந்தஸ் ரோசியஸ் என்று சேர்த்திருக்கிறான்.

நாற்றுக்காரன்:
அடுத்த தடவை என் கடைக்கு வாங்க அக்கா. குச்சியில் விங்காதான் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.